எண்பதிலிருந்து நாற்பதுக்கு

ஜூன் 3, திங்கள்

ஒன்பது நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர் இன்று வந்தது. டிரம் பாதி நிறைவதற்குள் வால்பாறையிலிருந்து போன். பாக்கியத்தாய் அக்கா. மேல்தோணி எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். எங்கள் யானை விளக்குகளைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

"யம்மா, பதினேழாம் நம்பர் கம்பத்துல லைட்டு எரியல. நேத்துலருந்து ஆனை பாதையிலயே நிக்குது. நானும் நாலு தடவ போன் அடிச்சுப் பாத்துட்டேன்."

ஒரே வாரத்தில் இது மூன்றாவது கம்பம்.

மலையில் மொத்தம் நாற்பத்திரண்டு கம்பங்கள். யானை நடமாட்டம் தெரிந்தால் அக்கா தன் போனிலிருந்து அந்தக் கம்பத்துக்கு அழைப்பார். உச்சியில் சிவப்பு விளக்கு எரியும். பார்த்தவர்கள் அந்தப் பக்கம் போகாமல் நின்றுகொள்வார்கள். விளக்கை எரியவைக்கும் போர்டு கோயம்புத்தூரில் எங்கள் கம்பெனியில் செய்தது. அதற்குள் ஓடும் புரோகிராம் நான் எழுதியது. போன செப்டம்பரில் மழை முடிந்த பிறகு மாட்டினோம். போன வாரம்வரை ஒரு புகாரும் இல்லை.

பதினேழாம் கம்பத்துப் போர்டைக் கழற்றி மத்தியானப் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னேன். டிரம் வழிந்து பாத்ரூம் முழுக்கத் தண்ணீர்.

ஜூன் 4, செவ்வாய்

போர்டு வந்தது. மேஜையில் வைத்துக் கரண்ட் கொடுத்தேன். எரிகிறது. அணைத்து எரியவிட்டேன். எரிகிறது. இருநூறு தடவை. இருநூறு தடவையும் எரிகிறது. ஒரு தடவையாவது எரியாமல் போ என்று வாய்விட்டே சொன்னேன்.

வெங்கடபதி சார் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கண்டுபிடிச்சாச்சா?" கம்பெனி அவருடையது, கேட்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தடவையா?

காஜா அண்ணா டீ குடிக்கும்போது கேட்டார். போர்டுக்கான பாகங்கள் வாங்குவதும் போர்டை வடிவமைப்பதும் அவர் பொறுப்பு. காஜா முகைதீன் என்று முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "புரோகிராம்ல ஏதாவது மாத்தினியாம்மா?"

"ரெண்டு வருஷமா ஒரு எழுத்துகூட மாத்தல அண்ணா."

"அப்ப சரி."

ஜூன் 5, புதன்

இன்னும் முந்நூறு தடவை. எல்லாம் சரி. போர்டில் கோளாறு இல்லை, அங்கே ஒயரைச் சரியாக மாட்டியிருக்க மாட்டார்கள் என்று முடிவு செய்தேன். "சோதித்தாயிற்று, நன்றாக இருக்கிறது" என்று ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, வால்பாறை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

மாவு புளித்துப்போய்விட்டது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

எஸ்டேட் தபால்காரர் சின்னக்கருப்பனுக்கு இடது கால் முறிந்துவிட்டது.

நேற்று மாலை ஐந்து நாற்பதுக்கு நடந்திருக்கிறது. பதினேழாம் கம்பத்துப் பாதையில் மூன்று யானைகள். பாக்கியத்தாய் அக்கா அழைத்திருக்கிறார். விளக்கு எரியவில்லை. கடைசி லயத்து வீடுகளுக்குக் கடிதம் கொடுக்கப் போனவர் கம்பத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். சிவப்பு இல்லை. நடந்தார். வளைவு திரும்பினால் பத்தடியில் யானை. பின்னால் ஓடி, தேயிலைச் சரிவில் உருண்டு, ஓடைக்குள் விழுந்திருக்கிறார். யானை துரத்தவில்லை. அதனால் உயிர் இருக்கிறது.

அக்கா போனில் கத்தவில்லை. "நல்லா இருக்குன்னு ஒட்டி அனுப்பியிருந்தியேம்மா" என்று மட்டும் சொன்னார்.



ஜூன் 8, சனி

சார் அறையில் கூட்டம். சார், காஜா அண்ணா, நான். மலையிலிருந்து எஸ்டேட்காரர்கள் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

மலைக்குச் செய்ததில் மிச்சமிருந்த போர்டு ஒன்றைக் காலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என் புரோகிராம் இருப்பது ஃபிளாஷ் மெமரி என்கிற சின்ன சிப்பில். மலையில் மாட்டிய போர்டுகளில் அந்தச் சிப் நாங்கள் வழக்கமாகப் போடும் கம்பெனியுடையது இல்லை. வேறு கம்பெனி.

கூட்டத்தில் அதைச் சொன்னேன். சார் காஜா அண்ணா பக்கம் திரும்பினார்.

"பழசு மார்க்கெட்டுலயே கிடைக்கல சார். அதனால மாத்தினேன். சுகிர்தாகிட்ட மெயில்ல கேட்டுட்டுத்தான் வாங்கினேன்."

"கேட்டாராம்மா?"

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

காஜா அண்ணா என்னைப் பார்த்தார். "சுகிர்தாவே மெயிலைப் பாத்துச் சொல்லட்டும் சார்" என்றார்.

பார்த்தேன். போன வருடத்து மெயில்கள் மட்டும் நாலாயிரத்துக்கு மேல். கண் எரிந்தது. மூடிவிட்டேன். மெமரி சிப் தரமில்லாதது, வாங்கியவர் காஜா முகைதீன் என்று ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். சிப் மாறியிருப்பது உண்மைதானே.

ஜூன் 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! ஏழு நாள்!

மேஜையில் கரண்ட் ஆடாமல் அசையாமல் மூன்று புள்ளி மூன்று வோல்ட் வருகிறது. மலையில் அப்படியா? பத்து நாளாக வெயிலே இல்லை. சோலார் பேட்டரி பாதி காலி. மிச்சம் பிடிப்பதற்காகப் போர்டு எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கும். போன் வந்ததும் விழித்து, மெமரியிலிருந்து புரோகிராமைப் படிக்கும். அதே நொடியில் போன் மோடமும் கரண்டை இழுக்கும். வோல்ட் சரியும். இன்று நானே வோல்ட்டை இரண்டு புள்ளி ஒன்பதுக்கு இறக்கினேன். போர்டு எழவில்லை. திரும்ப முயல்கிறது, எழவில்லை, திரும்ப முயல்கிறது.

சிப்போடு வரும் விவரத்தாளில், டேட்டாஷீட்டில், தெளிவாகப் போட்டிருக்கிறது. வோல்ட் குறைந்தால் ஐம்பது மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு மேல் படிக்கக் கூடாது. நாங்கள் படிப்பது எண்பதில். வேகமாகச் சொல்லச் சொன்னால் அது தப்பும் தவறுமாகச் சொல்கிறது. பழைய சிப் இதே வோல்ட்டில் எண்பதைத் தாங்கியிருக்கும். ஆகச் சிப்தான் காரணம்.

எண்பது என்று எப்போது வைத்தது என்று காஜா அண்ணா கேட்டார். பழைய கதை அண்ணா, இப்போது அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. டீக்கும் கூப்பிடவில்லை.

ஜூன் 12, புதன்

எண்பதை நாற்பதாக்கினேன். ஒரே ஒரு எண். புதிய புரோகிராமை இங்கிருந்தே போன் வழியாக நாற்பத்திரண்டு கம்பங்களுக்கும் அனுப்பினேன். மாலை நாலு மணிக்குள் எல்லாக் கம்பமும் புதியது வந்துவிட்டது என்று பதில் சொன்னது. திரும்பும் வழியில் உழவர் சந்தைக்குப் போய்க் கீரை வாங்கினேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு சமையல் என்று சொல்லும்படி ஒன்று.

ஜூன் 13, வியாழன்

ஒன்பதாம் கம்பம் எரியவில்லை. இருபத்துமூன்றாம் கம்பம் எரியவில்லை.

புதிய புரோகிராம் போயிருக்கிறது. பதில் வந்திருக்கிறது. பிறகும் எரியவில்லை. கீபோர்டை மேஜையில் அறைந்ததில் ஒரு பட்டன் தெறித்து எங்கேயோ போய்விட்டது. பக்கத்து அறையிலிருந்து யாரும் வரவில்லை. வராததே நல்லது.

மத்தியானம் உறைத்தது. எந்த வேகத்தில் படிப்பது என்ற எண் என் புரோகிராமுக்குள் இல்லை. மெமரியின் தொடக்கத்தில், புரோகிராமுக்கு முன்னால் இருக்கிறது. சிப் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்கும். போன் வழியாக அனுப்பினால் புரோகிராம்தான் மாறும், தொடக்கம் மாறாது. இது எனக்குத் தெரியாத விஷயமா? பன்னிரண்டு வருடமாக இதே வேலை.

ஒவ்வொரு கம்பமாகப் போய், பெட்டியைத் திறந்து, கேபிள் மாட்டி, கையால் மாற்ற வேண்டும். நாற்பத்திரண்டு கம்பம். மழையில்.

ஜூன் 14, வெள்ளி

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று காஜா அண்ணாவிடம் சார் சொல்லிவிட்டார். மலைக்காரர்களுக்கு யாரையாவது காட்ட வேண்டும், என்னுடைய அறிக்கை கையில் இருக்கிறது. பத்தொன்பது வருடம் வேலை செய்தவர்.

டிராயரைக் காலி செய்தார். சொந்த மீட்டர், இரண்டு இடுக்கி, கண்ணாடிக்கூடு. எல்லாவற்றையும் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டார். என் மேஜையருகே வந்து நின்றார்.

"மலைக்கு எப்ப போற?"

"திங்கக்கிழமை அண்ணா."

"பெட்டியத் திறந்தா உள்ள ரப்பர் வாஷர் இருக்கும். கீழ விட்டுடாத. அது இல்லாம மூடினா தண்ணி இறங்கிடும்."

நான் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சரி அண்ணா என்றேன். கேபிள் ஏற்கெனவே சுற்றித்தான் இருந்தது.

ஜூன் 15, சனி

"காஜாவுக்குப் போன் பண்ணுனியா?" என்று பிரபாகர் கேட்டார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் என் ஆபீஸ் விஷயம் எதையும் கேட்காத மனுஷர் இதை மட்டும் கேட்க வேண்டுமா? துணி காயவில்லை, அதைப் பாருங்கள் என்றேன். கத்தித்தான் சொன்னேன். எதற்கு அவ்வளவு கத்தினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 17, திங்கள்

வால்பாறை. இன்று பக்ரீத். ஒவ்வொரு வருடமும் காஜா அண்ணாவுக்கு முதல் வாழ்த்து என்னுடையதாக இருக்கும். இங்கே சிக்னல் கிடைப்பதில்லை. பிரபாகரிடம் பேச மட்டும்தான் கிடைத்தது.

பதினோரு கம்பம் முடிந்தது. ஏணியில் நான். கீழே பாக்கியத்தாய் அக்கா. லேப்டாப்பின்மேல் குடை, எங்கள் இரண்டு பேர்மேலும் மழை. காலில் அட்டை ஏறியது எனக்குத் தெரியவே இல்லை. அக்கா பார்த்து மூக்குப்பொடி தடவி உதிர்த்தார்.

பதினேழாம் கம்பத்தைத்தான் முதலில் செய்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

பன்னிரண்டு கம்பம். இரண்டு பெட்டியில் பூட்டு துருப்பிடித்து, அறுத்துத்தான் திறக்க முடிந்தது. ஒரு போர்டு கேபிளையே ஏற்க மறுத்தது. ஒன்றே முக்கால் மணி நேரம். நனைந்த விரலில் பட்டனை அழுத்தினால் வழுக்குகிறது. கெட்ட வார்த்தை சொன்னேன். ஒரு வார்த்தையோடு நிறுத்தவில்லை. அக்கா காதில் விழாததுபோல வேறெங்கோ பார்த்தார்.

பெட்டியை மூடும்போது கேட்டார். "இது யாரு செஞ்ச தப்பும்மா?"

"ஒரு பொருள் சரியில்லக்கா. சிப்பு."

"பொருள் தானா வந்து உக்காந்துக்குமா?"

"வாங்கினவரு இப்ப வேலையில இல்ல" என்றேன்.

அக்கா தலையசைத்தார். நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லை.

ஜூன் 19, புதன்

காலையில் எட்டுக் கம்பம். பதினொரு மணிக்கு லேப்டாப்புக்குள் தண்ணீர் இறங்கி அணைந்துவிட்டது. முப்பத்தொன்று முடிந்தது, பதினொன்று பாக்கி. கோயம்புத்தூர் போய் வேறு லேப்டாப் எடுத்துத்தான் வர வேண்டும்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அக்கா சின்னக்கருப்பன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். நான் கேட்கவில்லை, அவராகவே அந்தப் பக்கம் நடந்தார்.

கட்டுப்போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் யாரென்று அக்கா சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தார். "வாங்க மேடம், உக்காருங்க" என்று, தனக்கு முட்டுக்கொடுத்த தலையணையை எடுத்து எனக்கு ஸ்டூலில் போடச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை.

"லைட்டு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல மேடம். தப்பு என்மேலயும் இருக்கு" என்றார்.

"உங்கமேல என்னங்க தப்பு?"

"இருபத்தாறு வருசமா இந்தப் பாதையில நடக்கேன். முன்னெல்லாம் காதைத் தீட்டிக்கிட்டு நடப்பேன். கிளை ஒடியுற சத்தம், மூச்சு விடுற சத்தம், எல்லாம் தெரியும். அன்னைக்கும் வாடை அடிச்சது மேடம். ஆனை வாடை. நின்னேன். மேல பாத்தேன். சிவப்பு இல்ல. சரி, நம்ம மூக்குதான் பொய் சொல்லுதுன்னு நடந்துட்டேன்."

அவர் சிரித்தார். அவர் மனைவி கொடுத்த வரக்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

கீழே இறங்கும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவு. எனக்கு வாந்தி வந்தது. பஸ் என்பதால்தான்.

ஜூன் 20, வியாழன்

லீவு போட்டேன். காலையிலிருந்து இந்த நோட்டை இரண்டு தடவை திறந்து மூடினேன். எழுதிவிடுகிறேன்.

எண்பது என்று வைத்தது நான்.

இரண்டு வருடத்துக்கு முன் முதல் மாதிரியைச் சாரிடம் காட்டினேன். போன் அடித்து விளக்கு எரிய நாலு வினாடி ஆனது. "நாலு வினாடி ஜாஸ்திம்மா, பாக்க வர்றவங்களுக்குப் பொறுமை இருக்காது" என்றார். எங்கெங்கோ நேரத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு, நாற்பதை எண்பதாக்கினேன். இரண்டரை வினாடியானது. எல்லோரும் கைதட்டினார்கள். காட்டி முடித்ததும் திரும்ப நாற்பதாக்க வேண்டும் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன். காஜா அண்ணா டீ குடிக்கும்போது கேட்டாரே, அன்றைக்கே மாற்றங்களின் பதிவைத் திறந்து பார்த்தேன். கடைசி வரியில் என் பெயர்.

மெயிலும் இருக்கிறது. எட்டாம் தேதி கண் எரிந்து மூடவில்லை. கிடைத்ததால் மூடினேன். போன வருடம் ஜூனில் காஜா அண்ணா எழுதியது: "பழைய சிப் எங்கும் இல்லை. இது கிடைக்கிறது. ஆனால் வோல்ட் குறைந்தால் ஐம்பதுக்கு மேல் தாங்காது. நாம் எவ்வளவில் ஓட்டுகிறோம்? பார்த்துச் சொல்லும்மா."

என் பதில்: "நாற்பது. ஓகே."

பார்க்கவில்லை. நாற்பது என்று மனதில் இருந்ததை அப்படியே அடித்து அனுப்பிவிட்டேன். அவர் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டிருக்கிறார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. சிப்மேலும் இல்லை.

ஜூன் 21, வெள்ளி

சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். மெயிலை அச்செடுத்து மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எதுக்கும்மா இதைச் சொல்ற? ரிப்போர்ட் போயாச்சு. ஆளையும் அனுப்பியாச்சு. ஒருத்தரத் தப்பா அனுப்பிட்டோம்னு நான் ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"

"நான் சொல்றேன் சார். வேற ரிப்போர்ட் எழுதி அனுப்பறேன்."

"கம்பெனி பேரு என்னாகும்?"

"தெரியல சார்."

"உன் வேலை?"

"தெரியல சார்."

கோபத்தில் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு திரும்ப எடுத்து இன்னொரு தடவை படித்தார். "நாலு வினாடி ஜாஸ்தின்னு நான்தான் சொன்னேன் இல்ல?" என்றார். காகிதத்தை மடித்து டிராயரில் போட்டார். "பாக்கியை முடிச்சுட்டு வா. உன்ன வச்சுக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பேசலாம். காஜாகிட்ட நீயே போய்ச் சொல்லு. எனக்கு மூஞ்சி இல்ல" என்றார்.

ஜூன் 22, சனி

கரும்புக்கடைப் பகுதியில் காஜா அண்ணா வீடு. கதவைத் திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை, வழியை விட்டு நகர்ந்துகொண்டார். சொல்ல வேண்டியதை நின்றபடியே சொன்னேன்.

"அந்த மெயில் எங்கிட்டயும் இருக்கும்மா" என்றார்.

"அப்ப ஏண்ணா அன்னைக்கே சார்கிட்டக் காட்டல?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன். மொத நாள் நெனச்சேன். மறுநாளும் நெனச்சேன். நான் டிராயரைக் காலி பண்ணும்போதுகூட, இப்ப நீ சொல்லிடுவேன்னு உன் மேஜைக்கிட்ட வந்து நின்னேன். நீ கேபிளைச் சுத்திக்கிட்டிருந்த." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அதுக்கப்புறம் காட்டணும்னே தோணல. பத்தொம்பது வருஷம் இருந்த எடத்துல, நான் திருடன் இல்லேன்னு காகிதம் காட்டி நிரூபிக்கணுமா?"

மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப வராதும்மா. பொய்யா சரின்னு சொல்ல எனக்குத் தெரியாது. திரும்ப வரவும் மாட்டேன். ஒண்ணாந்தேதியிலருந்து வேற எடம்." வாசல்வரை வந்தார். "ரிப்போர்ட்ல என் பேரு இருக்குல்ல, அத எடுத்துடு. யாரு பேரைப் போடணும்னு நான் சொல்லல."

ஜூன் 23, ஞாயிறு

அறிக்கை எழுதினேன். முதல் தடவை மூன்று பக்கம் வந்தது. அதில் இரண்டரைப் பக்கம் சாக்கு. கடைசியில் ஏழு வரியில் நின்றது. மலைக்கும், சாருக்கும், காஜா அண்ணாவுக்கும் அனுப்பினேன். யாரிடமிருந்தும் பதில் இல்லை.

ஜூன் 24, திங்கள்

காலை முதல் பஸ்ஸில் வந்தேன். மஸ்டரில், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு வந்தவர்கள் அறுபது பேர் இருக்கும், பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். பேர் கூப்பிட்டு முடிந்ததும் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி, அந்த ஏழு வரியை வாசித்தேன். காகிதம் மழையில் நனைந்து கையில் ஒட்டியது. பெயரைச் சொல்லும் இடத்தில் என் பெயரைச் சொன்னேன். காஜா முகைதீன் கேட்க வேண்டியதைக் கேட்டார், நான்தான் பார்க்காமல் பதில் சொன்னேன் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன்.

பின்வரிசையில் ஒருவர், "மெகாகெட்ஸுன்னா என்ன?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

பாக்கியத்தாய் அக்கா முன்னால் நின்றார். முகத்தில் கோபமா என்று தெரியவில்லை. "அதாவது, சீக்கிரம் எரியணும்னு நீ அவசரப்பட்டுட்ட. அப்புறம் பயந்துட்ட. அதானே?"

"ஆமாக்கா."

"இத அன்னைக்குக் கம்பத்துக்கிட்ட வச்சுக் கேட்டேனே."

"ஆமாக்கா."

அக்கா தலையில் கிடந்த சாக்கை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"பாக்கி எத்தன கம்பம்?"

"பதினொண்ணு."

"ஏணிய எடு. மழை வலுக்குது."